உருண்டைக்குள் இருந்தது

ஜூன் 4

காலையில் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கி வந்து அக்காவைக் குளிக்க வைத்தேன். ஜாக்கெட் கொக்கியை இப்போதெல்லாம் நான்தான் மாட்டிவிட வேண்டியிருக்கிறது. "மாவட்டத்துக்குக் கபடி ஆடுனவ ஒரு கொக்கிகிட்டத் தோத்துட்டேன் பாத்தியாட்டி" என்று சிரித்தாள். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிய பிறகும் விளையாட்டு டீச்சரான ஆவுடையக்காவின் தொண்டை மட்டும் கோணவில்லை. மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கத்தியே பிள்ளைகளை ஓடவிடுகிறாளாம்.

கல்லூரியில் இன்றும் தோல்வி. முடக்கத்தான் சாரத்தை நான் செய்யும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் வைத்துக் கொடுத்த எலிகளுக்கும் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாப் பாதங்களும் ஒரே மாதிரி வீங்கிச் சிவந்து கிடந்தன. அளந்து முடித்ததும் லேப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது.

தாணு பார்த்துவிட்டான். எனக்குச் சாரம் எடுத்துத் தருகிறவன் அவன்தான், அதைக் கொடுக்க வள்ளியூரிலிருந்து வந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அழுகிறவளைப் பார்க்காமல், அவள் கூடவே இருக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஜூன் 9

ஞாயிறு. துணி துவைத்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து, "அப்படி என்னதான் செய்யுத அந்த லேபுல? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு" என்றாள்.

"முடக்கத்தான்ல இருக்குற சத்து தண்ணியில கரையாதுக்கா. வாயால சாப்பிட்டா முக்கால்வாசி அப்படியே வெளிய போயிரும். அதைக் கொழுப்புல செஞ்ச உருண்டைக்குள்ள வச்சு அனுப்புனா குடல் உள்ள இழுத்துக்கும். தலைமுடி இருக்குல்லா, அதோட கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் அந்த உருண்டை. வீக்கம் இருக்குற இடத்துல ரத்தக்குழாய் சுவர் கொஞ்சம் இளகி இருக்கும். அந்த இடுக்கு வழியா உள்ள போயிரும்."

"அப்ப மருந்தை ஆட்டோல ஏத்தி மூட்டு வாசல்ல இறக்கி விடுத."

"அதேதான்."

"ஆட்டோ நல்லா ஓடுதா?"

"ஆட்டோ நல்லாத்தான் ஓடுது. உள்ள இருக்குறவர்தான் இறங்குன பிறகு ஒரு வேலையும் பாக்க மாட்டேங்காரு."

அக்கா வெகுநேரம் சிரித்தாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21

தாணு புதுச் சாரம் கொண்டுவந்தான். இலையை நிழலில் காயவைக்கும் முறையை மாற்றியிருக்கிறானாம், சாராயத்தில் ஊறவைக்கும் நேரத்தையும். "இந்தத் தடவை பாரு மதி" என்றான். எம்.ஃபார்ம் படித்த காலத்திலிருந்தே அவன் இப்படித்தான். நான் காகிதத்தில் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவன் கையால் செய்து முடித்திருப்பான். சொந்தமாக மூலிகைக் கூடம் வைத்ததும் அந்தக் கையை நம்பித்தான்.

நீலச் சட்டை புதிது போலிருந்தது. கேட்கவில்லை.

ஜூலை 19

வேலை செய்கிறது.

முதலில் கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். மறுபடி மறுபடி அளந்தேன், அதே எண்தான். உருண்டை கொடுத்த எலிகளின் பாதங்கள் ஏறக்குறைய வீக்கமில்லாத எலிகளின் பாதங்கள் போலவே இருக்கின்றன. சாரத்தை உருண்டையில்லாமல் கொடுத்தவற்றுக்கும் ஓரளவு குறைந்திருக்கிறது. வெற்று உருண்டை கொடுத்தவற்றுக்கு ஒன்றுமே குறையவில்லை. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, பாடப்புத்தகத்துப் படம் போல.

தாணுவுக்குப் போன் செய்தேன். அவன் அந்தப் பக்கம், "சொல்லு... சொல்லேன்" என்கிறான். "வீக்கம் இறங்கிட்டு" என்று மட்டும் சொன்னேன். பிறகு, "நீ சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டான். என்ன கேள்வி!

ஜூலை 20

ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அக்கா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 8

மறுபடி செய்து பார்த்ததிலும் அதே முடிவு. துறைத்தலைவர் கைகொடுத்தார். எலிகளுக்கு எடை மட்டும் குறைந்திருக்கிறது, முக்கியமாக உருண்டை கொடுத்த கூட்டத்துக்கு. வெயில் இந்த வருடம் அப்படி. தீவன மூட்டையும் புது இடத்திலிருந்து வந்தது. கூண்டுப் பக்கம் இன்னொரு மின்விசிறி போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்துகொண்டிருந்தாள். இறுக்கித் திருகும் மரை மூடி. மூன்று வருடமாக நான்தான் திறந்து கொடுக்கிறேன்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"திட்டாதட்டி. தாணுதான் தந்தான். நான் கேட்டேன், அவன் தந்தான்."

லேபில் மிஞ்சிய என் உருண்டைகளை எடுத்துப்போய் உலர்த்திப் பொடியாக்கிக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்திருக்கிறான். மனிதருக்குக் கொடுக்க யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, வாங்க இன்னும் வருடக்கணக்காகும். வாசலுக்கு வந்து அவனைப் போனில் பிடித்துக் கிழித்துவிட்டேன். "முடக்கத்தான்தானே மதி. ஊரே தோசை சுட்டுத் தின்னுது. கூட இருக்கிறது கொழுப்பு. அக்கா படுத பாட்டைப் பாத்துக்கிட்டு மருந்தை எலிக்கு மட்டும் ஊத்திக்கிட்டு இருக்க எனக்கு மனசு வரல" என்றான்.

உள்ளே வந்தபோது அக்கா தலையை வாரிக் கொண்டை போட்டிருந்தாள். தானே.

கேப்சூல் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், வெளிச்சம் படாத மூலையில் வைத்தேன்.

செப்டம்பர் 3

அக்கா பள்ளிக்கூடத்தில் பந்து எறிந்தாளாம். பிள்ளைகள் கைதட்டினார்களாம். கதையைச் சொல்லி முடித்தவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 20

அக்காவுக்கு நல்ல பசி. வைப்பதெல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஒட்டிக் கிடந்த கன்னம் நிறைந்து முகம் வட்டமாகிவிட்டது. கோமு மதினி வந்தவள், "ஆவுடைக்கு என்ன, கல்யாணப்பொண்ணு கணக்கா மினுங்குதா" என்றாள். வலி விட்டாலே உடம்பு தேறத்தானே செய்யும்.

தூக்கம் மட்டும் சரியில்லையாம். சந்தோஷத்தில் தூக்கம் வராதுதான். எனக்கும் வரவில்லை. கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 11

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வரும். ஐதராபாத்திலிருந்து ஒரு மருந்துக் கம்பெனி தாணுவிடம் பேசுகிறது. அவர்களுக்கு என் உருண்டையும் வேண்டும், அவன் சாரமும் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டலில் காபி குடித்தோம். "இந்த வேலை ஒரு நிலைக்கு வரட்டும். அப்புறம் வீட்டுல வந்து அக்காகிட்டப் பேசுதேன்" என்றான். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னட்டி?" என்றாள். கட்டுரை விஷயம் என்றேன். "ஓஹோ, கட்டுரை" என்றாள்.

அக்டோபர் 24

பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். அக்காவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதாம். இத்தனை இனிப்பு தின்றால் கூடாமல் என்ன செய்யும்! அதிரசத்தை எடுத்து ஒளித்துவைத்தேன். முழங்கையில் ரத்தம் கட்டிப் பெரிய நீலத் திட்டு. எங்கே இடித்தாய் என்றால் நினைவில்லை என்கிறாள்.

முன்பு ஒருமுறை டாக்டர் தந்த மாத்திரையில் இதே போல் சர்க்கரை ஏறி நிறுத்தினார்கள். அது ஸ்டீராய்டு. இது இலை.

நவம்பர் 4

தாணு ஐதராபாத் போயிருக்கிறான். இருந்த கேப்சூலையெல்லாம் கம்பெனிக்குக் காட்ட எடுத்துப் போய்விட்டான். மேல்தட்டில் மிச்சம் ஒன்றிரண்டுதான். ஒரு வகையில் நல்லதுதான். மருந்தை நிறுத்தினால் குணம் எவ்வளவு காலம் தங்கும் என்று பார்த்தாற்போல் இருக்கும்.

அக்காவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஒரேயடியா நிப்பாட்டணுமா? கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாமே."

"இதுக்கு அதெல்லாம் வேண்டாம்க்கா. முடக்கத்தான்தானே."

டப்பாவை வாங்கி மிச்சத்தை எண்ணிப் பார்த்தாள்.

நவம்பர் 8

வலி திரும்பிவிட்டது. முன்பைவிட மோசம். வாந்தி வேறு. ஓட்டல் பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை போல. கஞ்சி கொடுத்தேன், தங்கவில்லை.

நவம்பர் 9

ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

நவம்பர் 11

நேற்று முன்தினம் காலையில் அக்கா குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். தூக்கினால் துணி போலத் துவண்டாள். ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. டாக்டர் ஷகிலா பானு அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், முழங்கையில் ரத்தம் கட்டிய இடத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டீராய்டு எவ்வளவு நாளா எடுத்துக்கிட்டாங்க?"

"இல்லை டாக்டர். மூலிகை மருந்து மட்டும்தான். முடக்கத்தான்."

"யார் கொடுத்தது?"

"நான் பண்ற மருந்துதான். நான் ஃபார்மசி காலேஜ்ல வேலை பாக்குறேன். அதுல ஸ்டீராய்டு கிடையாது."

அவர் வாதம் செய்யவில்லை. ஒரு ஊசியை ஏற்றச் சொன்னார். சாயங்காலம் அக்கா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"இப்ப போட்டதே ஸ்டீராய்டுதாம்மா. வெளியிலேருந்து அதிக நாள் எடுத்தா, உடம்பு தானாச் சுரக்கிறதை நிறுத்திடும். அந்த நேரத்துல மருந்தைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும், உயிர்கூடப் போகும். பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் நீங்கதானே பாடம் நடத்துறீங்க? உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நான்தான் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு, வியாழக்கிழமை, மதியத்துக்கு முந்தைய வகுப்பு.

டாக்டர் தவறாக நினைக்கிறார். அக்கா கொஞ்சம் தேறட்டும், சாரத்தைச் சோதித்துக் காட்டிவிடுவேன்.

நவம்பர் 16

மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். பொடித்துக் கரைத்து ஒரு சொட்டு, தாணுவின் சாரத்தில் ஒரு சொட்டு, இரண்டையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரைப்பானில் நிறுத்தி மேலே ஏறவிட்டேன். முதல் வருடப் பிள்ளைகள் செய்யும் பயிற்சிதான். ஒரே பொருளாக இருந்தால் இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் போய் நிற்கும்.

நின்றன.

பெரிய கருவியிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதுதான். குளிர்பெட்டியில் பழைய சாரங்கள் எல்லாம் இருந்தன. ஜூன் 21க்கு முந்தையவற்றில் அந்தப் புள்ளி இல்லை. எலிகளிடம் வேலை செய்யாமல் போனவை அவை. அன்று அவன் கொண்டுவந்த புதுச் சாரத்திலிருந்து ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

என் உருண்டைகளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மைதான். கரையாததைக் கரைத்தன, குடலைத் தாண்டின, வீக்கம் இருந்த இடத்தில் இறங்கின. துளியூண்டு ஸ்டீராய்டு பெரிய அளவுக்கு வேலை செய்யும்படி கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அவன் பொய்யை நான் இவ்வளவு நன்றாகச் சுமந்து போயிருக்கிறேன்.

எலிகள் ஏன் இளைத்தன என்றும் இப்போது புரிகிறது, மனிதரை ஊதவைக்கும் ஸ்டீராய்டு எலியை இளைக்கவைக்கும். மின்விசிறி போடச் சொன்னேனே.

நவம்பர் 18

வள்ளியூர் போனேன். தாணு ஊருக்கு வந்துவிட்டான் என்று அவன் அம்மா சொன்னார்கள். கூடத்தில் பந்தலுக்குக் கீழே முடக்கத்தான் காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்ன போட்டே?"

கேட்டதும் மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரமாவது நான் அவனை நம்பியிருப்பேன். அவன் பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தான்.

"ரொம்பக் கொஞ்சம்தான் மதி."

"ஏன்?"

"அன்னைக்குப் படிக்கட்டுல உக்காந்து அழுதியே. எனக்குத் தாங்கல. ஒரே ஒரு தடவை, உனக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்னு போட்டேன். அதுக்குள்ள நிஜச் சாரத்தைச் சரி பண்ணிரலாம்னுதான் நினைச்சேன். நீ போன் பண்ணி 'இறங்கிட்டு'ன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் என்னால திரும்ப முடியல."

"என் அழுகை மேல பழியைப் போடாதே. கம்பெனிக்காரன் வந்ததும் நான் அழுததுக்கா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"எலிக்குப் போட்டே, சரி. அக்காவுக்கு எப்படிக் கை வந்துச்சு? செத்துப்போயிருப்பா தாணு. நான்தான் நிப்பாட்டினேன். இலைதானேன்னு நினைச்சு ஒரே நாள்ல நிப்பாட்டினேன். எங்கையாலயே கொன்னிருப்பேன்."

"அக்காவாத்தான் கேட்டாங்க. நான் முடியாதுன்னுதான் சொன்னேன்."

"அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

அவன் சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிராமலே சொன்னான். "செப்டம்பர்ல அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, இதுல என்ன இருக்குன்னு. நான் சொல்லிட்டேன். தொடர்ந்து கொடுன்னுதான் சொன்னாங்க. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க."

பொய் சொல்கிறான் என்று அவனிடமே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நாங்குநேரி தாண்டும் வரைக்கும் பொய் என்றுதான் நினைத்தேன். 'கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாமே' என்றாளே அக்கா.

நவம்பர் 19

அக்காவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். கட்டிலில் உட்காரவைத்து, தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டுக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

எதை என்று கேட்கவில்லை அவள்.

"மூஞ்சி வீங்கவுமே தெரிஞ்சு போச்சுட்டி. முன்னாலயும் தின்னவதானே. அதே பசி, தூக்கம் வராம அதே படபடப்பு. தாணுகிட்டக் கேட்டேன், ஆமான்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருப்ப."

"ஆமா, நிப்பாட்டியிருப்பேன்!"

"அதான். கை மடங்குச்சு மதி. பந்து எறிஞ்சேன். என் தலையை நானே வாரினேன். உனக்கு அது ஒண்ணும் இல்ல. நீ மடக்கிப் பாக்காமலே மடங்குத கை உனக்கு." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உன் முகத்தையும் பாத்தேன். என் மருந்துக்கா, என் மருந்துக்கான்னு குதிச்சுக்கிட்டு வருவ. எப்படிச் சொல்லச் சொல்லுத?"

"பேப்பர்ல என் பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லப் போறேன்னு தெரியும்ல? நாளைக்கு இதை வேற ஆளுங்க சாப்பிடுவாங்கன்னு தெரியும்ல?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோசை ஊற்றினேன். அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 27

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கம்பெனிக்கும் எழுதினேன். கல்லூரி முதல்வரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "பேசாம மருந்து சரியா வரலைன்னு மட்டும் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். விசாரணைக் குழு போடுவாராம்.

தாணு விடாமல் போன் செய்கிறான். எடுக்கவில்லை.

டிசம்பர் 12

விசாரணை. நீளமேசை, ஐந்து பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. தாணு எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அதே நீலச் சட்டை. என்னைப் பார்க்கவே இல்லை.

அவனிடம் கேட்டார்கள். தெளிவாக, நிதானமாக, அன்று படிக்கட்டில் இரண்டு படி கீழே உட்கார்ந்த அதே பொறுமையோடு சொன்னான். "மேடத்துக்கு முதல்லேருந்தே தெரியும் சார். அவங்க சொல்லித்தான் கலந்தேன். நான் சாரம் எடுத்துக் கொடுக்கிற ஆளு. முடிவெல்லாம் அவங்களோடது."

மேடம். எட்டு வருடமாக மதி என்று கூப்பிட்டவன்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க சகோதரி இந்த மருந்தைச் சாப்பிட்டாங்கன்னு சொல்றாங்களே. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"ஆகஸ்டிலிருந்து. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான்." இதுவரை இந்த நாட்குறிப்பில்கூட நான் இதை எழுதவில்லை. "ஆனா உள்ள இருக்குறது முடக்கத்தான்னு நினைச்சுத்தான் கொடுத்தேன். ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சிருந்தா அப்படித் திடீர்னு நிறுத்தியிருக்கவே மாட்டேன்."

"அதை எப்படி நம்புறது?"

கதவுப் பக்கம் சலசலப்பு. அக்கா. கோமு மதினி கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. இன்று விசாரணை என்றுகூட அவளிடம் நான் சொல்லவில்லை, மருந்து வேளை தவிர வேறெதுவும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை; மதினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"அந்த மருந்தைத் தின்னவ நான்தான். இந்தா பாருங்க என் மூஞ்சிய. இதுல என்ன கிடக்குன்னு மூணு பேருல ரெண்டு பேருக்குத் தெரியும். ஒண்ணு இவன். இன்னொண்ணு நான். இவகிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவன்கிட்டச் சத்தியம் வாங்குனதே நான்தான். என் வீட்டுக் கூடத்துல வச்சு வாங்கினேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

மைதானத்தில் பேசும் குரலில்தான் பேசினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தாணு, என்னைப் பாத்துச் சொல்லுய்யா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆட்டோவில் அக்கா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் கோமு மதினி.

டிசம்பர் 23

தீர்ப்பு வந்துவிட்டது. கலப்படத்தில் எனக்குப் பங்கில்லை. அனுமதியில்லாமல் மனிதருக்குக் கொடுத்ததற்காக இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்யக் கூடாது, பாடம் மட்டும் நடத்தலாம். சரிதான். லேப் சாவியை ஒப்படைத்தேன். தாணுவின் கூடத்துக்கு மருந்து ஆய்வாளர்கள் வந்து பூட்டுப் போட்டார்களாம். கேட்டதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவன் அம்மா ஞாபகம்தான் வந்தது.

சாவி கொடுப்பதற்கு முன், துறைத்தலைவர் அனுமதியோடு, நானே இலை வாங்கிக் காயவைத்துச் சாரம் எடுத்து உருண்டைக்குள் வைத்து, கடைசியாக ஒருமுறை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். வீக்கம் லேசாகக் குறைந்திருக்கிறது. மிக லேசாக. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எடுத்துப் போக வேறு யாராவது வரட்டும்.

ஜனவரி 6

டாக்டர் அக்காவின் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். கன்னம் வற்றுகிறது. விரல்கள் மறுபடி இறுகிவிட்டன. முடக்குவாதத்துக்கான சரியான மருந்தை ஆரம்பித்திருக்கிறார், பலன் தெரிய மாதக்கணக்காகும் என்றார்.

காலையில் ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள், "விசாரணைல அத்தனை பேரு முன்னால வந்து சொன்னேன்லாட்டி. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

"பேசிட்டுத்தானே இருக்கேன்."

"மாத்திரை, கஞ்சி, வெந்நி. இதுவா பேச்சு?" குனிந்திருந்த என் முகத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தாள். "அவன் பேருக்கும் பெருமைக்கும் செஞ்சான். நான் வலி தாங்காமச் செஞ்சேன். ரெண்டும் ஒண்ணாட்டி?"

"இல்ல."

"பொறவு?"

"அவன் யாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அது என் முட்டாள்தனம். உன்னை எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்ச நீயே மறைச்சுட்ட."

கடைசிக் கொக்கியை மாட்டினேன். மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை, மாத்திரை உருண்டு தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் வைத்தேன். தண்ணீர் குடிக்கும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.